செக் என்ஜின் விளக்கு மின்னுகிறதா? மிஸ்ஃபயரைக் கண்டுபிடிக்க முழுமையான வழிகாட்டி

செக் என்ஜின் விளக்கு அசையாமல் எரிந்தால் ஈசியு (என்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்) ஏதோ ஒரு குறையைப் பதிந்து வைத்திருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை பார்த்துக்கொள்ளலாம் என்று விடக்கூடிய குறைகளும் அதில் உண்டு. அதே விளக்கு விட்டு விட்டு மின்னினால் கதை வேறு. ஒரு சிலிண்டரிலோ பலவற்றிலோ பெட்ரோல் எரியாமல் சைலன்சர் பக்கம் போகிறது, அதுவும் புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரைக் கெடுக்கும் அளவுக்குப் போகிறது. இதுதான் மிஸ்ஃபயர். மெக்கானிக்குகள் 'வண்டி மிஸ்ஸிங் அடிக்குது' என்று சொல்வதும் இதைத்தான்.

ஈசியு இதை எப்படித் தெரிந்துகொள்கிறது என்று முதலில் புரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீரும். ஒவ்வொரு சிலிண்டரும் எரியும்போது கிராங்க் ஷாஃப்ட்டுக்கு ஒரு தள்ளு கிடைக்கும். அந்தத் தள்ளு வராத நேரத்தில் கிராங்க் ஒரு நொடியின் சிறு பங்குக்கு வேகம் குறையும். கிராங்க் சென்சார் அதைப் பிடித்துவிடும். இப்படித் தவறியவற்றை 200 சுற்றுக்கு ஒருமுறை எண்ணி, கன்வெர்ட்டரைச் சுடும் எல்லையைத் தாண்டினால் ஈசியு விளக்கை மின்ன வைக்கும். ஆக, அதற்குத் தெரிவது 'தள்ளு வரவில்லை' என்பது மட்டும். ஸ்பார்க் தரும் பிளக்கா, பிளக்குக்கு உயர் வோல்டேஜ் தரும் காயிலா, பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டரா, வால்வா என்று அதற்குத் தெரியாது. எரர் கோடைப் பார்த்தவுடன் காயில் வாங்க ஓடுகிறவர்கள் சறுக்குவது இங்கேதான்.

இந்த வழிகாட்டி ஸ்விஃப்ட், வேகன்ஆர், ஐ10 போல ஒவ்வொரு பிளக்குக்கும் தனிக் காயில் உள்ள, மூன்று அல்லது நான்கு சிலிண்டர் பெட்ரோல் கார்களுக்கானது. சிஎன்ஜிக்குத் தனிப் பகுதி உண்டு. டீசலுக்கு இது பொருந்தாது.

1. விளக்கு மின்னும்போது சாலையில் செய்ய வேண்டியவை

முதல் வேலை ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுப்பது. சுமை குறைந்தால் மிஸ்ஃபயர் பெரும்பாலும் குறையும். எரியாத பெட்ரோல் கன்வெர்ட்டருக்குள் போய் அங்கே எரிகிறது. சாதாரணமாக 400 முதல் 800 டிகிரி செல்சியஸில் வேலை செய்யும் அந்தப் பகுதி 1000 டிகிரியைத் தாண்டினால் உள்ளிருக்கும் பூச்சு கெடும். மேலும் ஏறினால் செராமிக்கே உருகிப் புகை போகும் வழியை அடைக்கும். ஒரு காயிலோடு முடிய வேண்டிய செலவு கன்வெர்ட்டர் வரை போவது இப்படித்தான்.

வேகத்தைக் குறைத்ததும் மின்னுவது நின்று விளக்கு நிலையாக எரிந்தால், மிதமான வேகத்தில், ஏசியை அணைத்து, பக்கத்தில் பாதுகாப்பான இடம் வரை ஓட்டலாம். தொடர்ந்து மின்னினால் ஓரங்கட்டி என்ஜினை நிறுத்துங்கள். டோ வண்டியின் வாடகை கன்வெர்ட்டர் விலைக்கு முன் ஒன்றுமில்லை.

நிறுத்தும் இடத்தையும் பாருங்கள். வைக்கோல், கதிர், காய்ந்த புல் மேல் நிறுத்தாதீர்கள். அறுவடைக் காலத்தில் கிராமத்துச் சாலையில் காயப்போட்ட கதிர்மேல், சுட்டுக்கொண்டிருக்கும் கன்வெர்ட்டரோடு நின்றால் தீப்பிடிக்கும்.

தேங்கிய வெள்ளத்தில் ஓட்டி, வண்டி நின்ற பிறகு இந்த விளக்கைப் பார்த்திருந்தால் மறுபடி செல்ஃப் அடிக்காதீர்கள். ஏர் ஃபில்டரைத் திறந்து ஈரம் இருக்கிறதா என்று பாருங்கள். சிலிண்டருக்குள் தண்ணீர் இருக்கும்போது கிராங்க் செய்தால் கனெக்டிங் ராட் வளையும்.

இன்னொன்று. சாவி வடிவமோ, பூட்டுப் போட்ட கார் வடிவமோ மின்னினால் அது இம்மொபிலைசர் (திருட்டுத் தடுப்பு அமைப்பு), மிஸ்ஃபயர் இல்லை. என்ஜின் ஓடாமல் சாவி மட்டும் போட்ட நிலையில் செக் என்ஜின் விளக்கு மின்னினாலும் அது மிஸ்ஃபயர் ஆக முடியாது.

2. வேலை தொடங்குமுன் கையில் இருக்க வேண்டியவை

ஈஎல்எம்327 வகை புளூடூத் ஸ்கேனர் ஒன்றும் செல்போனில் ஈசியுவைப் படிக்கும் ஒரு ஓபிடி ஆப்பும் போதும். ஆனால் ஆப்பில் ஃப்ரீஸ் ஃபிரேமும் (குறை வந்த நொடியின் பதிவு) மோட் 06-ம் (சிலிண்டர் வாரியான மிஸ்ஃபயர் எண்ணிக்கை) காட்டும் வசதி இருக்க வேண்டும். எரர் கோடை மட்டும் படித்து அழிக்கும் ஆப் இந்த வேலைக்கு ஆகாது.

பிளக் சாக்கெட் பெரும்பாலும் 16 மி.மீ., சில வண்டிகளில் 14. நீளமான எக்ஸ்டென்ஷன், காயில் போல்ட்டுக்கு 10 மி.மீ. சாக்கெட், டார்க் ரெஞ்ச், மல்டிமீட்டர், நல்ல டார்ச். கம்ப்ரெஷன் கேஜ் (சிலிண்டருக்குள் ஏறும் அழுத்தத்தை அளப்பது) வாங்க வேண்டாம். அந்தக் கட்டம் வந்தால் இரவல் வாங்கிக்கொள்ளலாம். தீயணைப்பான் ஒன்றை எட்டும் தூரத்தில் வையுங்கள், பெட்ரோல் லைனைத் தொடும் வேலை வரலாம்.

புதிய காயிலோ பிளக்கோ இப்போது வாங்காதீர்கள்.

3. எரர் கோடைப் படியுங்கள், அழிக்காதீர்கள்

பேட்டரியைக் கழற்றி மாட்டுவதும் 'கிளியர்' அமுக்குவதும் புதியவர்கள் முதலில் செய்யும் தவறு. எரர் கோடோடு ஃப்ரீஸ் ஃபிரேமும் அழிந்துவிடும். குறை வந்த நொடியில் என்ஜின் எந்த வேகத்தில், எவ்வளவு சுமையில், எந்தச் சூட்டில் இருந்தது என்பதை ஈசியு அதில்தான் வைத்திருக்கிறது. எல்லாவற்றையும் ஸ்க்ரீன்ஷாட் எடுத்த பிறகே அடுத்த வேலை.

ஸ்டியரிங்குக்குக் கீழே உள்ள 16 பின் சாக்கெட்டில் ஸ்கேனரைச் செருகி, சாவியை ஆன் நிலையில் வைத்துப் படியுங்கள்.

பி0301 முதல் பி0304 வரை வந்தால் கடைசி எண்தான் சிலிண்டர். பி0300 என்றால் மிஸ்ஃபயர் ஒரே சிலிண்டரில் நிற்காமல் மாறி மாறி வருகிறது. கூடவே வேறு கோடு இருந்தால் அதை முதலில் கவனியுங்கள். பி0351 முதல் பி0354 வரை காயில் சர்க்யூட், பி0201 முதல் பி0204 வரை இன்ஜெக்டர் சர்க்யூட். இவை வந்தால் ஒயரிலோ கப்ளரிலோ குறை இருக்கும் வாய்ப்பு அதிகம்.

பி0171 கூட வந்தால் கொஞ்சம் நிதானம் வேண்டும். 'பெட்ரோல் போதவில்லை' என்பது அதன் பொருள். ஆனால் மிஸ்ஃபயரே இந்தக் கோடை வரவழைக்கும். எரியாத சிலிண்டரிலிருந்து ஆக்ஸிஜனும் அப்படியே வெளியேறுவதால், ஆக்ஸிஜன் சென்சார் அதைப் பெட்ரோல் குறைவு என்று தவறாகப் புரிந்துகொள்ளும். மிஸ்ஃபயர் தீர்ந்த பிறகும் பி0171 திரும்ப வந்தால்தான் அதைத் தனிக் குறையாக எடுக்க வேண்டும்.

இனி ஃப்ரீஸ் ஃபிரேம். 2,800 ஆர்பிஎம், லோடு 85 சதவீதம், கூலண்ட் 92 டிகிரி என்று இருந்தால் ஏற்காடு மலையேற்றம் போல முழுச்சுமையில் வந்த குறை. சிலிண்டருக்குள் அழுத்தம் ஏற ஏற ஸ்பார்க் தாவுவதற்கு அதிக வோல்டேஜ் தேவைப்படும். தேய்ந்த பிளக்கும் கசியும் காயிலும் அங்கேதான் தோற்கும். மாறாக 750 ஆர்பிஎம், லோடு குறைவு, கூலண்ட் 35 டிகிரி என்றால் காலையில் ஸ்டார்ட் செய்தவுடன் வந்தது. இரவில் சிலிண்டருக்குள் கசிந்த கூலண்ட், மூடாமல் சொட்டும் இன்ஜெக்டர், காற்றுக் கசிவு ஆகியவற்றின் மேல் சந்தேகம் போக வேண்டும்.

4. ஸ்பேனர் தொடுமுன் கண்ணால் பார்ப்பது

பானெட்டைத் திறந்து ஆயில், கூலண்ட் அளவு பாருங்கள். டிப்ஸ்டிக்கை முகர்ந்தும் பாருங்கள். பெட்ரோல் வாடை அடித்தால் மிஸ்ஃபயர் நெடுநேரமாக நடந்திருக்கிறது.

அடுத்தது ஒயர். எலி கடித்த தடம், கழன்ற வேக்கம் ஹோஸ், சரியாகப் பூட்டாத காயில் கப்ளர். கப்ளரின் பிளாஸ்டிக் பூட்டு சூட்டில் மொறுமொறுப்பாகி உடைந்துபோகும். பார்த்தால் மாட்டியிருப்பது போலவே இருக்கும், பள்ளத்தில் விழுந்தால் மட்டும் தொடர்பு விடும். ஒவ்வொன்றையும் மெல்ல இழுத்துப் பாருங்கள்.

இதற்கு முன்பு என்ன வேலை நடந்தது என்று கேட்டுக்கொள்வதும் நல்லது. வாட்டர் சர்வீஸ் விட்ட மறுநாள் மிஸ்ஸிங் என்றால், என்ஜின் மேல் அடித்த தண்ணீர் பிளக் குழிக்குள் இறங்கியிருக்கும். அங்கே காற்றும் போகாது, தானாகக் காயவும் காயாது. பெட்ரோல் போட்டுப் பத்துப் பதினைந்து கிலோமீட்டருக்குள் பி0300 வந்தால் பெட்ரோலைச் சந்தேகியுங்கள்.

5. மாற்றிப் போட்டுப் பார்த்தல்

இந்த வழிகாட்டியின் முக்கியமான கட்டம் இது. சந்தேகப்படும் பாகத்தை வேறு சிலிண்டருக்கு இடம் மாற்றி, குறையும் கூடவே நகர்கிறதா என்று பார்ப்பதுதான் முறை. செலவு இல்லை.

பலர் காயிலையும் பிளக்கையும் சேர்த்தே பக்கத்துச் சிலிண்டருக்கு மாற்றிவிடுவார்கள். குறை நகர்ந்தாலும் இரண்டில் எது என்று தெரியாது. அதனால் ஒவ்வொன்றையும் வெவ்வேறு சிலிண்டருக்கு அனுப்புங்கள். பி0302 வந்த நான்கு சிலிண்டர் வண்டியில்:

இரண்டாவது காயிலை மூன்றுக்கும், மூன்றாவதை இரண்டுக்கும் மாற்றுங்கள். இரண்டாவது பிளக்கை நான்குக்கும், நான்காவதை இரண்டுக்கும் மாற்றுங்கள். இன்ஜெக்டரைத் தொட வேண்டாம். கோடை இப்போது அழித்துவிட்டு, ஃப்ரீஸ் ஃபிரேமில் கண்ட அதே நிலையில் வண்டியை ஓட்டுங்கள். பி0303 வந்தால் காயில். பி0304 வந்தால் பிளக். மறுபடி பி0302-வே வந்தால் இரண்டும் தப்பித்தன. குறை ஒயர், இன்ஜெக்டர், கம்ப்ரெஷன் ஆகியவற்றில் ஒன்றில் இருக்கிறது. மூன்று சிலிண்டர் வண்டியானால் காயிலை ஒன்றுக்கும் பிளக்கை மூன்றுக்கும் அனுப்பினால் கணக்கு சரியாகிவிடும்.

மிஸ்ஃபயர் குறைவாக இருந்தால் கோடு வர நேரமாகும். அதுவரை வண்டியை வதைக்காமல் மோட் 06-ல் ஒவ்வொரு சிலிண்டரின் மிஸ்ஃபயர் எண்ணிக்கையைப் பாருங்கள். ஏ2 என்பது முதல் சிலிண்டர், ஏ3 இரண்டாவது, அப்படியே மேலே. மூன்று பூஜ்யத்துக்குப் பக்கத்தில், ஒன்று மட்டும் ஏறிக்கொண்டே இருந்தால் விடை கிடைத்துவிட்டது.

சிலிண்டர் எண்ணில் ஒரு கண்ணி உண்டு. பெரும்பாலான வண்டிகளில் பெல்ட், டைமிங் செயின் இருக்கும் பக்கத்திலிருந்து ஒன்று தொடங்கும். ரெனோ என்ஜின்கள் பலவற்றில் கியர்பாக்ஸ் பக்கத்திலிருந்து எண்ணுவார்கள். மேனுவலைப் பார்க்காமல் தொடங்கினால் நல்ல சிலிண்டரைப் பிரித்துக்கொண்டிருப்பீர்கள்.

காயிலைக் கழற்றும்போது சாவி ஆஃபில் இருக்கட்டும். ஓடும் என்ஜினில் காயில் கப்ளரைப் பிடுங்கி 'எது செத்திருக்கிறது' என்று பார்க்கும் பழக்கம் இன்னும் இருக்கிறது. ஸ்பார்க் இல்லாமல் பெட்ரோல் மட்டும் பாயும், அது நேராகக் கன்வெர்ட்டருக்குப் போகும். அப்படிப் பார்த்தே ஆக வேண்டுமென்றால் இன்ஜெக்டர் கப்ளரைக் கழற்றுங்கள். பெட்ரோலும் நின்றுவிடும், ஐடிலிங் தடுமாறினால் அந்தச் சிலிண்டர் வேலை செய்திருக்கிறது, தடுமாறாவிட்டால் செத்த சிலிண்டர் அதுதான்.

6. கையில் வந்த பிளக்கைப் பாருங்கள்

பிளக்கைக் கழற்றுமுன் குழியை ஊதிச் சுத்தம் செய்யுங்கள். மணல் உள்ளே விழுந்தால் சிலிண்டர் சுவரைக் கீறும். கழற்றியவற்றை எந்தச் சிலிண்டரிலிருந்து வந்ததோ அந்த வரிசையிலேயே அடுக்குங்கள்.

வெளிர் பழுப்பு நிறம் நல்ல நிலை. ஈரமாக, பெட்ரோல் வாடையோடு இருந்தால் பெட்ரோல் வருகிறது, ஸ்பார்க் இல்லை. பிசுபிசுப்பான கருப்பு என்றால் ஆயில் மேலேறுகிறது. மற்றவை பழுப்பாக இருக்க ஒன்று மட்டும் கழுவித் துடைத்தது போல வெள்ளையாக இருந்தால், அந்தச் சிலிண்டருக்குள் கூலண்ட் போகிறது. ஹெட் கேஸ்கெட்டை (சிலிண்டர் ஹெட்டுக்குக் கீழே உள்ள பேக்கிங்கை) பார்க்க வேண்டும்.

நுனியை மட்டும் பார்த்துவிட்டு நிறுத்திவிடாதீர்கள். வெள்ளைச் செராமிக்கில் மேலிருந்து கீழாகப் பென்சிலால் கிழித்தது போல மெல்லிய கருங்கோடு இருந்தால், ஸ்பார்க் உள்ளே தாவாமல் வெளிப்புறமாக இறங்கியிருக்கிறது. காயிலின் ரப்பர் உறைக்குள்ளும் அதே தடம் இருக்கும். பிளக்கை மட்டும் மாற்றினால் பழைய உறையில் உள்ள தடம் புதிய பிளக்கையும் கெடுக்கும். இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள்.

குழிக்குள் ஆயில் நின்றால் வால்வு கவர் பேக்கிங் கசிகிறது. பேக்கிங்கை மாற்றாமல் புதுக் காயில் போட்டால், ஆயிலில் ஊறி அந்த ரப்பரும் உப்பிப் போகும்.

இரு முனைகளுக்கிடையே உள்ள கேப் பெரும்பாலும் 0.8 முதல் 1.1 மி.மீ. வரை. உங்கள் வண்டிக்கான சரியான அளவு மேனுவலில் இருக்கும். இரிடியம் பிளக்கில் கேஜை நடு முனைக்கும் பக்க முனைக்கும் இடையில் திணித்து நெம்பாதீர்கள், ஊசி போன்ற அந்த முனை முறிந்துவிடும். கீழே விழுந்த பிளக்கைத் திரும்பப் போடாதீர்கள். செராமிக்கில் வெடிப்பு கண்ணுக்குத் தெரியாது.

மாட்டும்போது என்ஜின் ஆறியிருக்க வேண்டும். முதல் சில சுற்றுகள் கையால் மட்டுமே. அலுமினிய ஹெட்டில் மரை போனால் பெரிய வேலை. 14 மி.மீ. மரைக்கு 25 முதல் 30 நியூட்டன் மீட்டர், 12 மி.மீ.க்கு 15 முதல் 20, 10 மி.மீ.க்கு 10 முதல் 12. டார்க் ரெஞ்ச் இல்லையென்றால், வாஷர் உள்ள 14 மி.மீ. புதுப் பிளக்கைக் கையால் இறுக்கியபின் அரைச் சுற்று போதும். கழற்றிய பழைய பிளக்கின் வாஷர் ஏற்கெனவே நசுங்கியிருப்பதால், அதற்குப் பன்னிரண்டில் ஒரு பங்கு சுற்றுதான்.

7. குறை நகரவில்லை என்றால்: ஒயரும் இன்ஜெக்டரும்

அந்தச் சிலிண்டரின் காயில் கப்ளரைக் கழற்றி, சாவி ஆனில் 12 வோல்ட் வருகிறதா என்று மல்டிமீட்டரில் பாருங்கள். எர்த்தும் சரியாக இருக்க வேண்டும். ஈசியுவிலிருந்து வரும் சிக்னல் ஒயரில் பல்பு டெஸ்டரை வைக்காதீர்கள், ஈசியுவின் உள் டிரைவர் போகலாம்.

இன்ஜெக்டரின் இரண்டு பின்களுக்கிடையே சாதாரண போர்ட் இன்ஜெக்ஷன் வண்டியில் 12 முதல் 16 ஓம் வரும். நான்கையும் அளந்து ஒப்பிடுங்கள். பிறகு என்ஜின் ஓடும்போது நீளமான ஸ்க்ரூடிரைவரின் நுனியை இன்ஜெக்டரில் வைத்து, பிடியைக் காதில் வைத்தால் 'டிக் டிக்' கேட்கும். இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. கன்வெர்ட்டரைக் காக்க, மிஸ்ஃபயர் ஆகும் சிலிண்டருக்குப் பெட்ரோலை ஈசியுவே நிறுத்திவிடும் வண்டிகள் உண்டு. அப்போது நல்ல இன்ஜெக்டரும் ஊமையாகத்தான் இருக்கும். கோடை அழித்து, ஸ்டார்ட் செய்தவுடன் கேளுங்கள்.

சத்தம் வந்தும் மிஸ்ஸிங் நிற்கவில்லை என்றால் அடைப்பு இருக்கலாம். இன்ஜெக்டர்களுக்குப் பெட்ரோல் தரும் ரெயிலைக் கழற்றுமுன் ஃபியூல் பம்ப் ரிலேயை எடுத்துவிட்டு, என்ஜின் தானாக நிற்கும்வரை ஓடவிட்டு அழுத்தத்தை இறக்குங்கள். ஓ-ரிங்குகளைப் புதிதாகப் போடுங்கள். டைரக்ட் இன்ஜெக்ஷன் வண்டியில் இந்த வேலையை வீட்டில் செய்ய வேண்டாம், அங்கே அழுத்தம் நூறு பாரைத் தாண்டும்.

8. பி0300 என்றால் பொதுவானதைத் தேடுங்கள்

எல்லாச் சிலிண்டரும் தடுமாறினால் நான்கு காயிலும் ஒரே நாளில் போயிருக்காது. எல்லாவற்றுக்கும் பொதுவானது எது? பெட்ரோல் அழுத்தம், காற்றுக் கசிவு, எர்த், டைமிங்.

ஸ்கேனரில் ஃபியூல் டிரிம்மை, அதாவது ஈசியு பெட்ரோலை எத்தனை சதவீதம் கூட்டிக் குறைக்கிறது என்பதைப் பாருங்கள். ஐடிலிங்கில் பிளஸ் 20 காட்டி, 2,500 ஆர்பிஎம்மில் பூஜ்யம் பக்கம் இறங்கினால் காற்றுக் கசிவு. வேகம் கூடக் கூட டிரிம்மும் ஏறினால் பம்போ ஃபில்டரோ பெட்ரோலைப் போதுமான அளவு தரவில்லை. இந்தக் கணக்கு உள்ளே வரும் காற்றின் அளவை அளக்கும் மாஃப் சென்சார் உள்ள வண்டிக்குத்தான் சுத்தமாகப் பொருந்தும். நம் ஊர்ச் சிறிய கார்கள் பலவற்றில் காற்று உள்ளே போகும் மேனிஃபோல்டின் அழுத்தத்தை அளக்கும் மேப் சென்சார் மட்டுமே உண்டு. அதில் கசிந்து வரும் காற்றும் அழுத்தமாகப் பதிவாகி, அதற்கேற்ற பெட்ரோலும் கிடைத்துவிடும். டிரிம் பெரிதாக மாறாமல் ஐடிலிங் ஏறி நிற்பதுதான் அங்கே அடையாளம்.

கசிவைத் தேட கார்ப் கிளீனரை அடிப்பார்கள். சூடான மேனிஃபோல்டுக்குப் பக்கத்தில் அது ஆபத்து. ஒவ்வொரு வேக்கம் ஹோஸையும் பிளையரால் மெல்ல நெரித்து, ஐடிலிங் மாறுகிறதா என்று பாருங்கள்.

9. கம்ப்ரெஷன்

மற்றவை எல்லாம் சரியாக இருந்தால்தான் இது. என்ஜின் சூடாக, பிளக் எல்லாம் வெளியே, ஃபியூல் பம்ப் ரிலேயும் காயில் கப்ளர்களும் கழற்றப்பட்டு, ஆக்ஸிலேட்டர் முழுதாக மிதிக்கப்பட்டிருக்க வேண்டும். ஆக்ஸிலேட்டரை மிதிக்காமல் அளந்தால் நல்ல என்ஜினும் நோயாளியாகத் தெரியும்.

ஐந்தாறு முறை சுற்றும்வரை செல்ஃப் அடியுங்கள். பெட்ரோல் என்ஜினில் 10 முதல் 14 பார் வரை வரும். எண்ணைவிட வித்தியாசம் முக்கியம், ஒன்று மட்டும் மற்றவற்றைவிட 15 சதவீதத்துக்கு மேல் குறைந்தால் அது குறை. அந்தச் சிலிண்டரில் ஒரு டீஸ்பூன் என்ஜின் ஆயில் விட்டு மறுபடி அளங்கள். ஏறினால் குறை பிஸ்டன் ரிங்கில். ஏறாவிட்டால் வால்வு அல்லது ஹெட் கேஸ்கெட். அடுத்தடுத்த இரண்டு சிலிண்டர்கள் சேர்ந்து குறைந்தால் இடையில் கேஸ்கெட் போயிருக்கிறது.

10. சிஎன்ஜி வண்டிகளுக்கு

முதலில் பெட்ரோலுக்கு மாற்றி அதே சாலையில் ஓட்டுங்கள். பெட்ரோலில் சரியாக ஓடி கேஸில் மட்டும் மிஸ்ஸிங் என்றால், பெரும்பாலும் பிளக்கோ காயிலோதான். கேஸைப் பற்றவைக்க அதிக வோல்டேஜ் வேண்டும், அதனால் பலவீனம் அங்கே முதலில் தெரியும். அடுத்துக் கேஸ் இன்ஜெக்டரும் ரெகுலேட்டரும்.

இரண்டிலும் ஐடிலிங் தடுமாறி, வேகம் பிடித்தால் சரியாகிறதா? டேப்பெட் அளவை (வால்வுக்கு மேலுள்ள இடைவெளியை) பாருங்கள். கேஸில் ஓடும் வண்டியில் வால்வு சீட் தேயத் தேய இடைவெளி குறைந்து, ஒரு கட்டத்தில் வால்வு முழுதாக மூடாது. இதைக் காயில் மாற்றித் தீர்க்க முயன்று பணத்தை விட்டவர்கள் அதிகம்.

11. சரிசெய்த பிறகு

கோடை அழித்து, ஃப்ரீஸ் ஃபிரேமில் இருந்த அதே ஆர்பிஎம், லோடு, சூட்டில் ஓட்டுங்கள். தெருவில் ஒரு சுற்று போய்வருவது சோதனை ஆகாது. மலையேற்றத்தில் வந்த குறையை ஏற்றத்தில்தான் சோதிக்க வேண்டும். மோட் 06 எண்ணிக்கையும் பெண்டிங் கோடும் (இன்னும் உறுதியாகாத எரர் கோடு) சுத்தமாக இருக்க வேண்டும்.

டிப்ஸ்டிக்கில் பெட்ரோல் வாடை வந்திருந்தாலோ அளவு ஏறியிருந்தாலோ ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றுங்கள். பெட்ரோல் கலந்த ஆயில் பேரிங்கைக் காக்காது.

கடைசியாகக் கன்வெர்ட்டர். ஆறியபின் ரப்பர் சுத்தியால் மெல்லத் தட்டுங்கள். உள்ளே கலகலத்தால் செராமிக் உடைந்திருக்கிறது. 2,500 ஆர்பிஎம்மில், கன்வெர்ட்டருக்குப் பின்னால் உள்ள ஆக்ஸிஜன் சென்சார் 0.6, 0.7 வோல்ட் பக்கம் நிலையாக நின்றால் பிழைத்துவிட்டது. மேலும் கீழுமாக வேகமாக ஆடினால் வேலை செய்யவில்லை, பி0420 விரைவில் வரும். அது வந்தாலும் மிஸ்ஃபயர் முழுதாக நின்றதை உறுதி செய்யும்வரை புதுக் கன்வெர்ட்டர் மாட்டாதீர்கள். பழையதைச் சுட்ட அதே பெட்ரோல் புதியதையும் சுடும்.